பழைய புல்லட்டில் கோளாறா? ஸ்பேனரை எடுக்கும் முன் அறிகுறியைப் பாருங்கள்

இந்தக் குறிப்பு வார்ப்பிரும்பு போர் (சிலிண்டர்) கொண்ட பழைய புல்லட் 350-க்கானது. வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக், பாயிண்ட் (பொறிக்காகத் திறந்து மூடும் மின்தொடர்பு) வைத்த இக்னிஷன், தனியாக நிற்கிற நாலு கியர் பெட்டி. போரின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 90 மி.மீ., 346 சிசி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள் திருவொற்றியூரிலிருந்து வந்தது ஏறத்தாழ இதே என்ஜின்தான். என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கிற பிற்கால வண்டிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

ஓடாத புல்லட்டைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால் "என்ஜின் இறக்கணும் சார்" என்ற பதில் சீக்கிரம் வந்துவிடும். அவசரப்படாதீர்கள். என் அனுபவத்தில், இறக்கிப் பார்த்த என்ஜின்களில் பலவற்றுக்கு உண்மையான நோய் பாயிண்ட்டோடு சேர்ந்த ஒரு கண்டன்சரிலோ (மின்தேக்கி), அம்மீட்டருக்குப் பின்னால் தளர்ந்த ஒரு நட்டிலோ, இறுகிப்போன டிகம்ப்ரசர் (கம்ப்ரஷனை வெளியே விடும் குட்டி வால்வு) கேபிளிலோதான் இருந்தது. கழற்றாமல் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, அதற்கப்புறம்தான் கழற்ற வேண்டும்.

இன்னொன்று. வாங்கிய கையோடு பெயிண்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வண்டி ஓடட்டும், ஒழுகட்டும், எங்கே ஒழுகுகிறது என்று தெரியட்டும். புது பெயிண்டின் மீது பெட்ரோல் வடிவதைப் பார்ப்பது பெரிய வேதனை. தவிர, டேங்க் மீதிருக்கும் தங்கக் கோடுகள் ஆலையில் கையால் போட்டவை. கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதை அப்படியே விட்டுவைப்பதுதான் எனக்குப் பிடிக்கும். மறுபடி ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒருநாளும் அதுபோல வராது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. ஃபீலர் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், பிளக் ஸ்பேனர், கூடவே இஞ்ச் அளவு ஸ்பேனர் செட். இந்தக் கடைசியை மட்டும் தவிர்க்க முடியாது. வண்டி பிறந்தது பிரிட்டிஷ் வரைபடத்தில். கால் விட்வொர்த் போல்ட்டின் தலை 13.3 மி.மீ. அதில் 13 ஸ்பேனர் ஏறாது, 14 ஆடும். ஆடுகிற ஸ்பேனரால் பல கைகள் திருகித் திருகி மழுங்கடித்த போல்ட் தலைகளைப் பாதி வண்டிகளில் பார்க்கலாம். சென்னைக்காரர்களுக்கு உதிரிபாகம் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் புதுப்பேட்டையும் இருக்கின்றன. பழைய ஒரிஜினல் போல்ட்டுகளைத் தேட வேண்டுமென்றால் புதுப்பேட்டையே மேல்.

கிக்கர் அசையவே இல்லை

பல வருடம் நின்ற வண்டியில் இதுதான் முதல் சிக்கல். கிக்கர் மீது ஏறிக் குதிக்காதீர்கள். பிஸ்டன் விடாது, உள்ளே இருக்கிற கிக்கர் பல்தான் உடையும்.

பிளக்கைக் கழற்றி, டீசலும் கொஞ்சம் என்ஜின் ஆயிலும் கலந்து பிளக் துளை வழியாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் ஊறட்டும். வார்ப்பிரும்பு போரில் பிஸ்டன் ரிங்குகள் துருவோடு ஒட்டிக்கொள்வதால்தான் இப்படி இறுகுகிறது. ஊறியதும் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அசைந்தபின் உடனே கிளப்பிவிடக் கூடாது. ஆயிலை மாற்றி, கிராங்க்கேஸின் (என்ஜின் அடிக்கூடு) டிரைன் போல்ட்டையும் திறந்து வடித்துவிட்டு, பிளக் இல்லாமல் நாலைந்து தடவை கிக் அடித்து உள்ளே கிடப்பதை வெளியேற்றுங்கள். ஒரு வாரம் ஊறியும் அசையவில்லை என்றால் சிலிண்டர் ஹெட்டைத் தூக்குவதைத் தவிர வழியில்லை.

கிக் அடித்து அடித்துக் கால் வலிக்கிறது, வண்டி கிளம்பவில்லை

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். அதற்கு முன் ஒரு கேள்வி: கிக் அடிக்கிற முறை சரியா? புல்லட்டைப் பலத்தால் கிளப்ப முடியாது.

சாவியைப் போடுங்கள். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே ஹெட்லைட் மேலிருக்கும் அம்மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் வழியாக மின்சாரம் ஓடும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். காலுக்குக் கம்ப்ரஷன் கனமாகத் தட்டுப்பட்டு, முள்ளும் நடுவுக்கு வருகிற இடத்தில் நிறுத்துங்கள். டிகம்ப்ரசரைப் பிடித்து, கிக்கரை ஒரு சிறு தூரம் மட்டும் தள்ளி, பிஸ்டனை உச்சியைத் தாண்ட விடுங்கள். டிகம்ப்ரசரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, இப்போது ஒரே வீச்சில் முழுதாக உதையுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்க வேண்டாம்.

அந்த முள் கிளப்புவதற்கு மட்டுமல்ல, கோளாறு கண்டுபிடிக்கவும் உதவும். கிக்கரை மெல்ல நகர்த்தும்போது முள் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தால் பேட்டரி, சாவி, காயிலின் உள்சுற்று, பாயிண்ட் எல்லாவற்றிலும் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். முள் அசையவே இல்லையா? ஹார்ன் அடித்துப் பாருங்கள். ஹார்னும் இல்லை என்றால் பேட்டரி, ஃப்யூஸ் அல்லது அம்மீட்டரின் பின்பக்க நட்டுகள். ஹார்ன் அடித்து முள் மட்டும் சும்மா இருந்தால் பாயிண்ட்டில் எண்ணெயோ துருவோ படிந்திருக்கிறது, அல்லது காயிலுக்குப் போகிற வயர் விட்டிருக்கிறது. முள் எப்போதும் சாய்ந்தே கிடந்தால் பாயிண்ட் திறக்கவில்லை. கேப் (பாயிண்ட் இடைவெளி) மூடிப்போயிருக்கும், அல்லது பாயிண்ட் மாற்றியவர் இன்சுலேஷன் வாசரை இடம் மாற்றிப் போட்டு வயரை எர்த் ஆக்கியிருப்பார். புது பாயிண்ட் போட்ட அன்றே வண்டி நின்றுபோனால் முதலில் அந்த வாசரைத்தான் பாருங்கள்.

பாயிண்ட் கேப், முழுதாகத் திறந்திருக்கும்போது 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் முகத்தை மெல்லிய எமரி தாளால் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த சுத்தமான துணியால் துடைக்கவும். தேய்த்த தூள் நடுவில் இருந்தால் அதுவே தடை. பாயிண்ட்டைத் திறக்கிற கேம் மீது துளியளவு கிரீஸ் வையுங்கள். கிரீஸ் இல்லாமல் ஓடினால் பாயிண்ட்டின் பேக்லைட் குதிகால் தேய்ந்து கேப் குறையும், கேப் குறைந்தால் டைமிங்கும் (பொறி வரும் நேரம்) பின்னால் தள்ளிப்போகும்.

அடுத்து பொறி. பிளக்கைக் கழற்றி, வயரின் பிளக் தொப்பியில் மாட்டி, அதன் உடல் ஹெட்டில் படும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உள்ளிருந்து வருகிற பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக் முனைகளின் இடைவெளி சுமார் 0.5 மி.மீ. பொறி நீலமாக, "டிக்" என்ற சத்தத்தோடு வர வேண்டும். மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் கண்டன்சர், காயில், பிளக் தொப்பி மூன்றில் ஒன்று. அதே நேரம் பாயிண்ட்டிலும் பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் என்று ஏறக்குறைய முடிவே கட்டிவிடலாம்.

பொறி நன்றாக இருக்கிறது. சரி, பெட்ரோலுக்கு வருவோம். டேங்க்கின் பெட்ரோல் டேப்பிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டுத் திறந்தால் தாராளமாக ஓட வேண்டும். சொட்டினால் டேங்க்குக்குள் துரு. அது ஓடியும் பிளக் காய்ந்தே வந்தால் கார்புரேட்டரில் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் துளை) அடைப்பு. மிக்கார்ப் கார்புரேட்டரில் அந்தத் துளை மயிரிழை போல இருக்கும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிட்டால் பிறகு ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் ஓடுவது) எப்போதுமே சரிவராது. பழைய மின்வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை எடுத்து நுழைத்து, அப்புறம் காற்றால் ஊதுங்கள்.

இப்போது பங்கில் கிடைக்கிற 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துப் பிறந்த வண்டி அல்ல இது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். பெட்ரோல் பைப் பிசுபிசுத்துப் போவது, ஃப்ளோட் ஊசி ஒட்டிக்கொள்வது, கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிவது எல்லாம் அதன் வேலை. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேப்பை மூடி, வண்டி தானாக நிற்கும்வரை ஓட விட்டு, கிண்ணத்தைக் காலியாக்கிவிடுங்கள்.

டேங்க் துருவுக்கு சிட்ரிக் ஆசிட் போதும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஐம்பதிலிருந்து நூறு கிராம், ஒரு ராத்திரி ஊறல். கொட்டிவிட்டு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, அடுத்த நிமிடமே ஹேர் டிரையரால் காயவைத்து, கொஞ்சம் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றிக் குலுக்குங்கள். ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் மஞ்சள் துரு மறுபடி வந்துவிடும். வெளியே பெயிண்ட் மீது ஆசிட் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறியும் உண்டு, பெட்ரோலும் உண்டு, இன்னும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரஷன். டிகம்ப்ரசரைத் தொடாமல் கிக்கர் மீது மெல்ல ஏறி நில்லுங்கள். நல்ல என்ஜின் உங்கள் எடையைச் சில நொடிகளாவது தாங்கும். பொசுக்கென்று இறங்கினால் காதைத் தீட்டிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். கார்புரேட்டரில் காற்றுச் சத்தம் வந்தால் இன்லெட் வால்வு. சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றுகிற வாய்ப் பக்கம் வந்தால் ரிங். ஆனால் ஹெட்டைக் கழற்றும் முன் இரண்டு விஷயம் பாக்கி. ஒன்று, டிகம்ப்ரசர் கேபிளில் கொஞ்சமாவது லூஸ் இருக்க வேண்டும், இழுத்துக் கட்டியிருந்தால் அந்தக் குட்டி வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். இரண்டாவது டேப்பட், அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களின் இறுக்கம்.

டேப்பட்டை ஆறிய என்ஜினில்தான் பார்க்க வேண்டும். போரின் வலது பக்கக் குட்டி மூடியைத் திறந்தால் வால்வுகளைத் தள்ளுகிற இரண்டு புஷ்ராட்களின் அடிப்பகுதி தெரியும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்தபின், ஒவ்வொரு புஷ்ராடும் இரண்டு விரலால் லேசாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. சுழலவில்லை என்றால் வால்வு முழுதாக உட்காரவில்லை, கம்ப்ரஷன் போவதற்கு அதுவே காரணம். வால்வும் சீட்டும் தேயத் தேய டேப்பட் இறுகிக்கொண்டே வரும். "சத்தம் இல்லையே, டேப்பட் நல்லாத்தானே இருக்கு" என்று நினைக்கிற பல வண்டிகள் இப்படித்தான் எக்ஸாஸ்ட் வால்வைக் கருக்கிக்கொள்கின்றன. இந்த என்ஜினில் லேசான டிக் டிக் சத்தத்தைவிட மௌனம் ஆபத்து.

இவ்வளவும் சரியாக இருந்தும் கம்ப்ரஷன் இல்லையென்றால், பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி கிக்கர் மீது நில்லுங்கள். தாங்கினால் ரிங், தாங்காவிட்டால் வால்வு. இப்போது ஹெட்டைத் தூக்கலாம்.

கிக்கர் திருப்பி உதைக்கிறது

இது விளையாட்டில்லை, கணுக்கால் போகும். பொறி சீக்கிரமே வருகிறது என்று அர்த்தம். பாயிண்ட்டுக்கு அடியில், வேகம் ஏறும்போது விரிந்து பொறியை முன்னதாக வரச்செய்கிற ஆட்டோ அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ, அவை துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டாலோ இப்படி ஆகும். கையால் திருகி விட்டால் கேம் தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

அது சரியாக இருந்தால் டைமிங்கைப் பாருங்கள். அட்வான்ஸ் சுருங்கியிருக்கும் நிலையில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சிக்குச் சுமார் 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவே சிகரெட் தாள் ஒன்றைச் செருகி மெல்ல இழுத்துக்கொண்டே நகர்த்தினால், அது விடுபடுகிற நொடிதான் திறக்கும் நொடி. பிஸ்டனை அளக்க பிளக் துளையில் கம்பி விடுகிறவர்கள் கவனம். துளை சாய்வானது, பிஸ்டன் ஏறும்போது கம்பி சிக்கிக்கொள்ளும்.

கிளம்புகிறது, ஐடிலிங் நிற்கவில்லை

ஐடிலிங் தானாக ஏறி ஏறி இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது. கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தைச் சுற்றி டபிள்யூ.டி.-40 மாதிரி ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்துப் பாருங்கள், ஐடிலிங் மாறினால் அங்கேதான். அதற்காகப் பெட்ரோலைத் தெளிக்கிற வேலை வேண்டாம். ஃப்ளாஞ்ச் நட்டுகளை மாறி மாறி அளவுக்கு மேல் இறுக்கி ஃப்ளாஞ்ச்சையே வளைத்து வைத்திருப்பார்கள். தட்டையான கண்ணாடி மீது எமரி தாளை வைத்து அதைத் தேய்த்துச் சமப்படுத்தி, புது பேக்கிங் போடுங்கள்.

காற்றுக் கசிவு இல்லை என்றால் ஏர் ஸ்குரூவை முழுக்க உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து சூடான என்ஜினில் கால் கால் சுற்றாக மாற்றி, வேகம் அதிகமாகும் இடத்தில் நிறுத்தலாம். திருகுவதால் எந்த மாற்றமும் இல்லையென்றால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது. தேய்ந்த ஸ்லைடு உள்ள கார்புரேட்டரை எவ்வளவு டியூன் செய்தாலும் பயனில்லை, ஸ்லைடைக் கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சூடானதும் நின்றுவிடுகிறது, ஆறினால் கிளம்புகிறது

ஆளைப் பைத்தியமாக்குகிற கோளாறு. பட்டறைக்குப் போகும்போது வண்டி ஆறியிருக்கும், மெக்கானிக் உதைத்தவுடன் கிளம்பும், "ஒண்ணுமில்லையே சார்" என்பார். அதனால் நின்ற இடத்திலேயே, நின்ற விதத்தைக் கவனிப்பது முக்கியம்.

சாவியை அணைத்ததுபோல் பட்டென்று நின்றதா? மின்சாரம். இருமி, திக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நின்றதா? பெட்ரோல். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வண்டி கனத்து வேகம் குறைந்ததா? பிஸ்டன் பிடிக்கிறது. இந்த மூன்றாவது வந்தால் அந்த நொடியே கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். முழுக்க ஆறும்வரை கிக்கரைத் தொடாதீர்கள். ஆயில் அளவு, ஆயில் ஓட்டம், டைமிங் மூன்றும் பார்க்காமல் மறுபடி ஓட்டக் கூடாது. புதிதாக ரீபோர் செய்த (போரைக் கடைந்து பெரிதாக்கிய) வண்டியில் இது வந்தால் பிஸ்டனுக்கு லேத்தில் விட்ட இடைவெளி குறைவு.

திக்கி நின்றால் முதலில் பெட்ரோல் மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்க்குக்குள் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிட்டது. காசே செலவில்லாத வேலை. இதற்காகக் கார்புரேட்டர் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

பட்டென்று நின்றால் அங்கேயே, சூட்டோடு, பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். கையில் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள், சுடும். பொறி மஞ்சளாகவோ இல்லாமலோ இருந்தால் கண்டன்சர் அல்லது காயில். இரண்டுமே சூட்டில் கெட்டு, ஆறினால் நல்லபிள்ளையாகிவிடும். கண்டன்சர் விலை குறைவு, அதை முதலில் மாற்றுங்கள். ஒரு சோதனைக்கு, 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள எந்தப் பாயிண்ட் வண்டிக் கண்டன்சரையும் வெளியே, சூடு படாத இடத்தில் வயர் இழுத்து மாட்டிப் பார்க்கலாம். பழைய கண்டன்சரின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. கடையில் இப்போது கிடைக்கிற புதுக் கண்டன்சர்களின் தரத்தை நம்ப முடியாது, பையில் ஒன்று உபரியாக வைத்திருங்கள்.

பொறி நன்றாக இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, ஆனால் சூட்டில் கிக்கர் லேசாக இறங்குகிறது என்றால் டேப்பட் இறுக்கம். மேலே சொன்னபடி என்ஜினை ஆறவைத்து டேப்பட்டைச் சரியாக வையுங்கள்.

பட்டென்று நின்று, ஹார்னும் லைட்டும் சேர்ந்து போய்விட்டால் அது சூட்டுக் கோளாறே இல்லை. வண்டியின் மொத்த மின்சாரமும் அம்மீட்டர் வழியாகத்தான் போகிறது. அதிர்வில் பின்பக்க நட்டு தளர்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துப்போகும். ஹெட்லைட்டைத் திறந்து இறுக்கினால் தீர்ந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும்.

புகை தள்ளுகிறது

கறுப்புப் புகை பெட்ரோல் அதிகம் என்று சொல்லும். சோக் லீவர் மேலேயே கிடக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கார்புரேட்டரின் நீடில் கிளிப்பை நடு வெட்டுக்கு மாற்றுங்கள்.

நீலப் புகைதான் மக்களைப் பயமுறுத்துவது. அது எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. பல வாரம் நின்று கிளப்பிய முதல் சில நிமிடங்கள் மட்டும் கொசு மருந்து அடிப்பதுபோல் தள்ளி, பிறகு நின்றுவிட்டால் கவலை வேண்டாம். இந்த என்ஜினில் ஆயில் தொட்டி கிராங்க்கேஸோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. நின்ற வண்டியில் ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். கிளம்பியதும் ரிட்டர்ன் பம்ப் அதைத் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் நின்ற வண்டியின் டிப் ஸ்டிக்கைப் பார்த்து "ஆயில் குறைஞ்சிருக்கு" என்று மேலும் ஊற்றக் கூடாது. ஓடவிட்டு நிறுத்தியபின் பாருங்கள்.

ஆக்ஸிலேட்டரை விட்டு இறக்கத்தில் இறங்கி, மறுபடி முறுக்கும்போது ஒரு பொதி புகை வந்தால் வால்வு கைடு. முறுக்கும்போதெல்லாம், மேடேறும்போதெல்லாம் வந்தால் ரிங் அல்லது போர். ரிங் மட்டும் மாற்றலாமா, ரீபோர் வேண்டுமா என்பதைப் போரை அளந்து பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. அளக்காமல் சொல்கிற லேத்துக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

புகையோ இல்லையோ, ஆயில் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டி ஐடிலிங்கில் இருக்கும்போது ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் பேஞ்சோ போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். இந்த என்ஜினின் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடம்) ஃப்ளோட்டிங் புஷ் வகை, ஆயில் இல்லாமல் கொஞ்ச நேரமும் தாங்காது. ஃபில்டர் மாற்றும்போது ஃபில்டர் அறையில் ஆயிலை நிரப்பிவிட்டு மூடச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஆயில் ஒழுகுகிறது

"புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்" என்பது சோம்பேறிகளின் பேச்சு. எங்கே என்று கண்டுபிடிக்க, என்ஜினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, முகப்பவுடரைத் தூவி, ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஈரக்கோடு தொடங்கும் இடம்தான் ஒழுகும் இடம். கீழே சொட்டும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் ஒழுகினால் பேக்கிங்கைக் குறை சொல்லாமல் பிரீதரை (காற்றுப் போக்கி) பாருங்கள். கிராங்க்கேஸ் பிரீதரில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் இருக்கும். அது காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ரப்பர் கெட்டியாகிப் போனாலோ அடைத்தாலோ உள்ளே அழுத்தம் ஏறி, கிடைத்த இடுக்கில் எல்லாம் ஆயிலைத் தள்ளும். சின்ன ரப்பர், சில ரூபாய்.

இடது பக்கத்தில், என்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயினை மூடுகிற பிரைமரி மூடி ஒரே ஒரு நடு நட்டில் நிற்கிறது. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கினால் மூடி வளைந்து, ஒழுகல் கூடும். ரப்பர் சீலை மாற்றிவிட்டு அளவாக இறுக்குங்கள். கிக்கர் ஷாஃப்ட் பக்கம் ஒழுகினால் கியர்பாக்ஸில் யாரோ மெல்லிய ஆயிலை நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்கு இளகிய கிரீஸ்தான்.

என்ஜினில் சத்தம்

நீளமான திருப்புளியின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். மேலே டிக் டிக் என்றால் டேப்பட், அல்லது எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு. இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். பைப் வாயைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் கசிவுதான். ஆறிய என்ஜினில் தடதடத்து, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் கொஞ்சம் லூஸ், அதோடு வருடக்கணக்கில் ஓட்டலாம். மேடேறும்போது அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" வந்தால் பிக் எண்ட். அதோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். என்ஜின் இறக்கியே ஆக வேண்டிய சத்தம் இதுதான்.

கிளட்ச், கியர்

முறுக்கினால் சத்தம் ஏறி வேகம் ஏறவில்லையா? கிளட்ச் லீவரில் இரண்டு மூன்று மி.மீ. லூஸ் இருக்கட்டும். அதுவும் சரியென்றால் பிரைமரி கேஸில் கார் ஆயிலை ஊற்றியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வழுக்கல் சேர்க்கை உள்ள ஆயிலில் பிளேட்டுகள் நனைந்தால் பெட்ரோலில் கழுவி, எமரியில் தேய்த்துப் போட வேண்டியிருக்கும். கிளட்ச் பிடித்தும் வண்டி முன்னால் இழுத்தால், மூடியைத் திறந்து லீவரை அழுத்தும்போது பிரஷர் பிளேட் நேராகத் தூக்குகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்து தூக்கினால் ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக வையுங்கள். பிரைமரி செயினில் 6 மி.மீ. ஆட்டம் போதும்.

கியர் நடுவில் நழுவுவது இந்தப் பெட்டியின் குணம். பாதி பெடல் தேய்மானம், பாதி ஓட்டுகிறவரின் அவசரம். நியூட்ரல் கிடைக்காமல் தவிப்பவர்கள் கியர் பெடலுக்குப் பின்னால் உள்ள குட்டி லீவரைப் பயன்படுத்துங்கள். கிளட்ச் பிடித்து அதை மிதித்தால், முதல் கியர் தவிர எதிலிருந்தும் நியூட்ரல் வரும்.

பேட்டரி நிற்கவில்லை

12 வோல்ட் வண்டியானால் வேகத்தில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வர வேண்டும், 6 வோல்ட்டில் 7-க்குச் சற்று மேல். வராவிட்டால் முதலில் எர்த் வயர், பிறகு ரெக்டிஃபயர், கடைசியில்தான் ஆல்டர்னேட்டர். அதிகம் வந்தால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் முனையை எர்த் ஆக்கியிருக்கலாம். புது பேட்டரி மாட்டும் முன் எது எர்த் என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாற்றி மாட்டினால் ரெக்டிஃபயர் அந்த நொடியே போய்விடும்.

பிரேக் பிடிக்கவில்லை, வண்டி ஆடுகிறது

டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். கிரீஸ் ஊறிய ஷூவைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றுங்கள். புது ஷூ போட்டும் பிடிப்பு வராவிட்டால் ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். ஷூ டிரம்முக்கு நடுவில் வந்து உட்காரும்.

ஆட்டத்துக்கு முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். டொக்கென்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) லூஸ். ஹேண்டிலை இருபுறமும் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட்டே தேய்ந்துவிட்டது, இறுக்கிப் பயனில்லை. அடுத்து பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் தெரிந்துவிடும். மூன்றும் சரியாக இருந்தும் ஆடினால், செயின் இறுக்குகிற நத்தை கேம்களில் இரண்டு பக்கமும் ஒரே வெட்டில் நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வெட்டு மாறியிருந்தாலும் பின்சக்கரம் கோணலாகத்தான் ஓடும்.